மூன்று முறை குரல் கொடுத்தேன்

மெஷின்காரர் திங்கட்கிழமை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவர் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை; வீட்டில் கேட்டால் கம்பெனியிலேயே சாப்பிட்டாயிற்று என்றிருந்தார். கம்பெனி வாசல் காவல்காரர் தெருவில் எதிர்ப்பட்டு, "அக்கா, உங்க கைப்பக்குவம் பிரமாதம். ரெண்டு நாளா உங்க வீட்டுச் சாப்பாட்டைத்தான் ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று நன்றி சொன்னதில் தெரிந்தது.

அவள் சிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நடையை எட்டிப் போட்டதில் மூச்சு வாங்கியது. ஆறு வாரமாக வீட்டில் எதுவும் சரியில்லை. முதலில் ஃபிரிட்ஜை அணைத்தார். பால் திரிந்து, காய்கறி அழுகி நாறியது. "ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டதற்கு, "சத்தம் போடுது" என்றார். அப்புறம் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. குளியலறைக் கதவைத் தாழ் போட்டதற்கு மகளோடு பெரிய சண்டை. பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கும் பெண் அவள். வாய் கொஞ்சம் நீளம். "அம்மா, இந்த மனுஷன் துணி அலமாரியச் சாத்துறதுக்கு முன்னாடி உள்ள தலைய விட்டு 'யாராவது இருக்கீங்களா'ன்னு கேக்கிறாரு. என் சுடிதார் பதில் சொல்லுமா? எங்க டாக்டர்கிட்ட கேட்டு ஒரு நல்ல ஆஸ்பத்திரியா பாப்போம்" என்றாள். சொல்லும்போது சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துபோயிற்று.

மெஷின்காரருக்கு வேலை மீன் சேமித்து வைக்கும் குளிர்கிடங்கில். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற இடம் அது. நான்கு பெரிய அறைகள். ஒவ்வொன்றிலும் பனிக்கட்டியாக உறைந்த மீன் பெட்டிகள் கூரை தொட அடுக்கியிருக்கும். அறைகளுக்குப் பின்னால் மெஷின் ரூம். அங்கே அறைகளைக் குளிர்விக்கிற இரண்டு கம்ப்ரசர்கள் இரவும் பகலும் ஓடும். எண்ணெய் அழுத்தம், வாயு அழுத்தம், அறையின் குளிர் எல்லாவற்றையும் மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் அதைச் செய்து வந்தார். கம்ப்ரசர் மேல் உள்ளங்கையை வைத்தாலே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். "பொண்டாட்டி நாடியைக் கூட இப்படிப் பிடிச்சுப் பாத்திருக்க மாட்டீங்க" என்று சுமைக்காரர்கள் கேலி செய்வார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் அறைகளை மூடுகிற பொறுப்பும் அவருடையதுதான். அதற்கு ஒரு முறை இருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே பார்த்து மூன்று தடவை உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். வெளிச்சுவரில் ஆறு ஆணிகள். ஆறிலும் கோட்டு தொங்குகிறதா என்று எண்ண வேண்டும். பிறகுதான் தாழ்ப்பாள்.

ஆறு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாலாம் நம்பர் அறை மூடப்பட்டது. திங்கட்கிழமை காலை திறந்தபோது, கதவை ஒட்டி நெட்டை உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே உறைந்திருந்தான்.

நெட்டை சுமைக்காரன். ஆறடிக்கு மேல் உயரம். ஏணியில்லாமல் மேலடுக்குப் பெட்டியை எடுத்துவிடுவான். ஒரு காலத்தில் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தவன். சைக்கிள் கடை மாடியில் நடக்கிற ஜெபக்கூடத்துக்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் மெஷின்காரர்தான். ஏழு வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. வருஷா வருஷம் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பிசைந்துகொண்டு, "ஆண்டவர் எனக்கு இன்னொரு வருஷமும் குடுத்தாரு. ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான் அவன் சாட்சி.

மேனேஜர் போலீசில் எழுதிக் கொடுத்தது வேறு மாதிரி. நெட்டை வேலை முடிந்து வெளியே போனான். குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தான். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். கதவு தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது. அவன் பையில் காலி பாட்டில் ஒன்று இருந்ததாகவும் சொன்னார்கள். வெளியே தாழ் போட்டிருந்தாலும் உள்ளேயிருந்து தள்ளித் திறக்கிற கம்பி மாதக்கணக்காகப் பனி பிடித்து இறுகிக் கிடந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

கூடவே மெஷின்காரரின் வாக்குமூலம் இருந்தது. 'ஐந்து மணிக்கு நாலாம் நம்பர் அறையைச் சோதித்தேன். மூன்று முறை குரல் கொடுத்தேன். உள்ளே யாரும் இல்லை.' கீழே அவர் கையெழுத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி அவர் வரும்வரை வாசலிலேயே நின்றாள். வந்ததும், "உபவாசமா?" என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ம்" என்றார்.

"நாம எப்பவும் சேர்ந்துதானே இருப்போம். இப்ப என்ன தனியா, திருட்டுத்தனமா?"

"ஒரு பாரம்."

"என்ன பாரம்? நானும் ஜெபிக்கிறேன், சொல்லுங்க."

அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாளில் முகம் ஒடுங்கி, கண் மட்டும் பெரிதாகியிருந்தது. "எனக்குத் தட்டுற சத்தம் கேக்குது. மூணு தட்டு. கொஞ்சம் நிக்கும். மறுபடி மூணு. மெஷின் ரூம்ல கேக்குது, இங்க ஃபிரிட்ஜுக்குள்ள கேக்குது. பட்டப்பகல்ல, பஸ்ல நாலு பேரோட நின்னுட்டு வரும்போதுகூட கேக்குது. அது நிக்கணும்னுதான் உபவாசம் இருக்கேன். நெட்டையோட ஆவிதான்னு நான் சொல்ல வரல. ஆனா வேற என்னன்னும் தெரியல."

"அவரு ஏன் உங்களைத் தட்டிக் கூப்பிடணும்?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், காத்திருக்கத் தெரியும். வாசலில் ஒரு பழவண்டி கூவிக்கொண்டு போயிற்று.

"நான் குரல் கொடுக்கல" என்றார். "அன்னிக்கு ரெண்டாவது கம்ப்ரசர்ல எண்ணெய் அழுத்தம் இறங்கிட்டே இருந்துச்சு. மெஷின் போயிடுமோன்னு எனக்குக் கைகால் ஓடல. போற போக்குல கதவைக் குதிகாலால உதைச்சுச் சாத்தினேன். தாழைப் போட்டேன். உள்ள பாக்கல. கோட்டை எண்ணல."

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எழுதிக் குடுத்தீங்களே."

"மேனேஜர் எழுதிட்டாரு. நான் கையெழுத்துப் போட்டேன். 'நீ ஜெபம் பண்ற ஆளு, உன் வார்த்தையை எவனும் சந்தேகப்பட மாட்டான்'னாரு." அவர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். "முந்தாநேத்து ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு இறங்கும்போது அவன் பொண்டாட்டி மாடிப்படியில நிறுத்திக் கேட்டா. 'அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அவரு மறுபடி குடிச்சாரா? ஏழு வருஷமும் என்னை ஏமாத்தினாரா?'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'தெரியலம்மா, ஜெபம் பண்ணுவோம்'னேன்."

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பாஸ்டர், விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போன ஆத்துமாக்களுக்காக ஜெபிக்கச் சொன்னதும், எல்லோர் கண்ணும் ஒருதரம் நெட்டையின் மனைவி பக்கம் போய் வந்ததும் மனைவிக்கு நினைவு வந்தது. அவளுடைய கண்ணும்தான் போய் வந்திருந்தது.

மனைவி கேட்டாள். "ரெண்டு நாளா என்னன்னு ஜெபிச்சீங்க?"

"சொன்னேனே. சத்தம் நிக்கணும்னு."

"சத்தம் நிக்கணும்னு ஜெபிச்சீங்க. வாய் திறக்கணும்னு ஜெபிக்கலையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"பயமா இருக்கு" என்றார். "போலீஸ், கேசு. நம்ம பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்திருக்கிற நேரம். எல்லாத்தையும் விட, நெட்டை பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமே, அதுக்குத்தான் பயம். சொல்லணும்னு நினைச்சாலே நாக்கு ஒட்டிக்குது."

"எனக்கும் பயம்தான். இல்லேன்னா ஜெபிக்கணும்னு சொல்லுவேனா?" அவள் எழுந்து, ஆக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடினாள். "இதைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வரேன். இனிமே ரெண்டு பேரும் உபவாசம் இருப்போம். தைரியத்துக்கு இருப்போம். வேற எதுவும் கேக்க வேணாம்."

புதன்கிழமை வெயில் கண்ணைப் பறித்தது. கம்பெனி முற்றத்தில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. மெஷின்காரர் மெஷின் ரூம் மூலையில் சாக்கை விரித்து முழங்காலிட்டார். அப்பா ஜெபக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன சின்ன வயசிலிருந்து ஜெபித்தவர்தான்; அன்றைக்கு ஒரு வாக்கியமும் கோவையாக வரவில்லை. "ஆண்டவரே, தைரியம்" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை. கம்ப்ரசர் திடுதிடுவென்று ஓடியது. அதற்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. நின்றது. மறுபடி மூன்று. அவர் காதைப் பொத்திக்கொள்ளாமல் எண்ணினார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். எப்போதும் வாசலில் நின்று கத்துகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு லேபர் ஆபீசர் வராரு. பதினோரு மணிக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. எழுதிக் குடுத்ததை அப்படியே வாயால சொல்லிட்டா கதை முடிஞ்சுது."

"அந்த உள்கம்பி, சார்..."

"அதை நேத்தே மாத்தியாச்சு. புதுசு. விரலால தொட்டாத் திறக்குது. போய்ப் பாரு."

"நேத்து மாத்தினது நெட்டைக்கு உதவாதே, சார்."

மேனேஜர் கையை எடுத்துக்கொண்டார். "இங்க பாரு. செத்தவன் செத்துட்டான். அவன் குடிக்கலைன்னு ஆச்சுன்னா, தப்பு யாரு மேல வரும்? என் மேல பாதி. மீதிப் பாதி உன் மேல. நான் வக்கீல் வெச்சுக்குவேன். நீ என்ன வெச்சுக்குவே?" பிறகு கொஞ்சம் இளகி, "ஏன் இப்படி வாடிப்போயிருக்கே? டீ சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம் சார். உபவாசம்."

"நல்லது. எனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணு."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். அதுதான் மெஷின்காரருக்குத் தாங்கவில்லை. தன் ஜெபம் ஆறு வாரமாக எதற்கெல்லாம் போர்வையாக இருந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். வெளியே ஓடிப்போய்ச் சுவர் ஓரமாக மஞ்சள் தண்ணீராகக் கக்கினார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் புறப்பட்டார்கள். மகளிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். அவள் ஒரு பேச்சும் பேசாமல் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நெட்டையின் வீடு நான்கு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. வழியில் இரண்டு தடவை அவர் நின்றுவிட்டார். நான்கு நாள் சாப்பிடாத கால். பயமும் ஒரு பக்கம். உபவாசத்தின் கடைசியில் பயம் கரைந்து போய், உள்ளே ஒரு பலம் வந்து உட்காரும் என்று அவர் நம்பியிருந்தார். அப்படி எதுவும் வரவில்லை. பயம் திங்கட்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு இம்மியும் குறையாமல் இருந்தது.

"வரலையே" என்றார் மனைவியிடம்.

"என்ன வரல?"

"தைரியம்."

"கால் நடக்குதில்ல. நடங்க."

நெட்டையின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தாள். கிளம்புகிற நேரம். கையில் சாவியோடு வாசலில் நின்றவள், இவர்களைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்கண்ணி" என்று உள்ளே அழைத்து, ஒரே நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். ஒற்றை அறை. நெட்டையின் சட்டைகள் கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கின. சுவரில் வேதப்புத்தகம் வைக்கிற பலகை வெறுமையாக இருந்தது.

அவர் உட்காரவில்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. அதைப் போய் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

"அவன் குடிக்கலம்மா" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வெளிய போகவே இல்ல. அஞ்சு மணிக்கு உள்ள வேலை செஞ்சிட்டிருந்தான். நான்தான் பாக்காம கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். குரல் கொடுத்தேன்னு எழுதினது பொய். கொடுக்கல."

சாவி அவள் கையிலேயே இருந்தது. மெஷின்காரரின் மனைவி அவளருகில் போய் நின்றாள்; தொடத் துணியவில்லை.

"இன்னும் இருக்கும்மா. இதை இவகிட்டகூட நான் சொல்லல." அவர் குரல் ஏதோ ஆழத்திலிருந்து வந்தது. "தாழ் போட்டுட்டு மெஷின் ரூம் போனேன். கொஞ்ச நேரத்துல சத்தம் கேட்டுச்சு. டக் டக் டக். நிக்கும். மறுபடி டக் டக் டக். நான் கம்ப்ரசர்ல வால்வு அடிக்குதுன்னு நினைச்சேன். ஸ்பானரை எடுத்து அடி போல்ட்டை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கேட்டுட்டே இருந்துச்சு. அரை மணி நேரம் இறுக்கினேம்மா. அப்புறம் நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்."

மெஷின்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெட்டையின் மனைவி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அவள் கண் அவரைவிட்டு நகரவில்லை.

"நான் அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தேனேண்ணே" என்றாள். "ஏழு மணிக்கு. 'அவரு வரலையேண்ணே'ன்னு கேட்டேனே. நீங்க கை கழுவிட்டிருந்தீங்க. 'எல்லாரும் அப்பவே போயாச்சும்மா, வருவான்'னு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"அப்பக்கூட உசிரு இருந்திருக்குமா?"

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி அதுதான் இரக்கம் என்றுகூடத் தோன்றியது. "இருந்திருக்கும்மா" என்றார்.

அவளிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"குடிக்கல" என்றாள் சட்டையிடம். "குடிக்கல, இல்ல? நான்தான் உன்னை... ஆறு வாரமா உன் போட்டோவைக் கவுத்துப் போட்டு வெச்சிருக்கேனே, பாவி."

பிறகு திரும்பி, மிகவும் சாதாரணமான குரலில், "அண்ணே, நீங்க போயிடுங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லேபர் ஆபீசர் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண். வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, "இது சரிதானே?" என்று பேனாவை எடுத்தார்.

"இல்லீங்கம்மா. பொய்" என்றார் மெஷின்காரர்.

எல்லாவற்றையும் சொன்னார். நாக்கு ஒட்டவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆபீசர் இடையில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மேனேஜர் எழுந்து, "நாலு நாளா சாப்பிடலீங்க இவரு. புத்தி பேதலிச்சுப் பேசுறாரு" என்றார். ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டு, "நாலாம் நம்பர் ரூமைக் காட்டுங்க" என்றார். புதுக்கம்பியைச் சுற்றிப் பழைய பனியைச் செதுக்கிய தடம் கதவில் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்தது. மெஷின்காரர் மூன்று நாள் உள்ளே இருந்தார். ஜெபக்கூடத்து ஆட்கள் இரண்டு பேர் ஜாமீன் நின்றார்கள். மற்றவர்கள் கண்டும் காணாமலும் போனார்கள். வேலை போயிற்று. மகளுக்கு வந்திருந்த கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. "அவங்களுக்குப் பல்லு சரியில்லைம்மா, நானே வேணாம்னுதான் சொல்ல இருந்தேன்" என்றாள் அவள். பாஸ்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நின்று, பின்வாங்கிப்போனவன் என்று மறைமுகமாகச் சொன்ன வார்த்தைக்காக நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்பதற்கு நெட்டையின் மனைவி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மெஷின்காரருக்குத் தட்டுகிற சத்தம் நின்றதா என்றால், நிற்கவில்லை. முன்பு எங்கிருந்தோ கேட்டது. இப்போது நாலாம் நம்பர் கதவுக்குப் பின்னாலிருந்துதான் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கேட்கும்போதெல்லாம் செய்வதை நிறுத்திவிட்டு, முடிகிற வரைக்கும் இருந்து கேட்டார்.

கேஸ் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அவர் வாசலில் பழைய மிக்சி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அக்கம்பக்கத்து மிக்சியும் மின்விசிறியும்தான் அவருக்கு வேலை. மேலே நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். நெட்டையின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

அவர் பதறி எழுந்தார். கையில் கறுப்பு எண்ணெய். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உள்ள வாம்மா."

"இல்லண்ணே. ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன்." அவள் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல் பேசினாள். "நீங்க வந்து சொன்னதுனாலதான் எனக்கு என் புருஷன் திரும்பக் கிடைச்சாரு. அது எனக்குத் தெரியும். ஆனா உங்களை மன்னிக்க முடியல. உங்க பேரை நினைச்சாலே ஸ்பானர் சத்தம்தான் கேக்குது."

"வேணாம்மா. நீ மன்னிக்க வேணாம். அதைக் கேக்க எனக்கு வாயில்ல."

"நீங்க கேக்கலண்ணே. ஆண்டவர் கேக்கிறாரு. அவருகிட்ட வேணாம்னு சொல்லவும் முடியல, சரின்னு சொல்லவும் முடியல. அதான் அதுக்காக உபவாசம் இருக்கேன். இன்னிக்கு மூணாவது நாள்."

மனைவி அதற்குள் வாசலுக்கு வந்திருந்தாள். "வெயில்ல நிக்கிறியே. தண்ணியாவது குடிச்சிட்டுப் போம்மா."

"தண்ணியும் இல்லாமத்தான் இருக்கேன் அண்ணி."

அவள் மெஷின்காரரின் முகத்தை, வந்ததிலிருந்து முதல் தடவையாக, நேராகப் பார்த்தாள். ஏதோ வருகிறதா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு தலையை அசைத்துக்கொண்டாள்.

"இன்னும் வரல" என்றாள். "வந்தா, நானே வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. சுவரோரம் கிடந்த கையகல நிழலில் ஒதுங்கி, அங்கங்கே நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் மெஷின்காரர் எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகும் நின்றார்.